படுதா வரைந்த கை, கோவிலை வரைந்தபோது

1838-இல் ஒரு இத்தாலிய ஓபெரா குழு மெக்சிகோ நகரத்துக்கு வந்தது. அதில் படுதா வரைபவராக வந்தவர் பெத்ரோ குவால்தி. சொந்த ஊரில் அவர் பெயர் பியெத்ரோ. வட இத்தாலியில் மோதெனாவுக்குப் பக்கத்தில் இருக்கும் கார்ப்பியில் 1808-இல் பிறந்தவர். அரண்மனை மண்டபம், சிறைச்சாலை, மடத்து முற்றம், நிலவொளியில் கல்லறைத் தோட்டம் என்று மேடைக்குப் பின்னால் தொங்கும் துணியில் வரைந்து கொடுப்பது அவர் தொழில். வந்தவர் மெக்சிகோவிலேயே தங்கிவிட்டார். 1841-இல் அந்த நகரத்தின் பெரிய கட்டடங்களை 12 கல்லச்சுப் படங்களாக, அதாவது கல்லில் வரைந்து தாளில் அச்செடுத்த படங்களாக, வெளியிட்டார். பேராலயம், குவாதலூப்பே அன்னையின் திருத்தலம், பல்கலைக்கழக முற்றம், சுரங்கவியல் கல்லூரி, நாடாளுமன்ற அவை என்று அந்தத் தொகுப்பு போகிறது. அதற்கப்புறம் இதே கட்டடங்களில் சிலவற்றை எண்ணெய் வண்ணத்திலும் வரைந்தார்.

19-ஆம் நூற்றாண்டு மெக்சிகோவின் தேவாலயங்கள் எப்படி இருந்தன என்று இன்று நமக்குத் தெரிவதில் பெரும்பங்கு இந்த ஒரு சீன் பெயிண்டரின் கண் வழியாக வந்தது. இதை ஒரு தற்செயல் என்று சொல்லிவிட்டுப் போகலாம்தான். ஆனால் அந்த நூற்றாண்டு முழுக்க மெக்சிகோவில் கோவிலும் நாடகக் கொட்டகையும் ஒன்றையொன்று உரசிக்கொண்டே இருந்தன. ஒரே கொத்தனார்கள் இரண்டையும் கட்டினார்கள். ஒரே ஓவியர்கள் இரண்டையும் வரைந்தார்கள். பிறகு ஒன்றின் இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்தது. குவால்தியின் படங்களைப் புரிந்துகொள்ள இந்த உறவைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் படுதாவின் சூட்சுமத்தைப் பார்ப்போம். மேடை பத்துப் பன்னிரண்டு அடி ஆழம்தான் இருக்கும்; பார்ப்பவருக்கோ நூறு அடி நீள மண்டபம் தெரிய வேண்டும். அதற்கு ஓவியர் துணியில் ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு, தரைக் கற்களின் கோடுகள், தூண்களின் தலை, கூரையின் விளிம்பு எல்லாவற்றையும் அந்தப் புள்ளியை நோக்கி ஓடவிடுவார். தூரம் போகப் போக எல்லாம் சிறுத்துக்கொண்டே போகும். பெர்ஸ்பெக்டிவ் என்று சொல்கிறோமே, அதுதான். இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு குறிப்பிட்ட இருக்கையிலிருந்து பார்த்தால்தான் அந்த மண்டபம் சரியாக நிற்கும். இத்தாலிய அரசவை அரங்குகளில் அந்த இருக்கை அரசருடையது. மற்றவர்களுக்குத் தூண்கள் கொஞ்சம் சாய்ந்தே தெரியும். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிபியேனா குடும்பத்து ஓவியர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். கட்டடத்தை நேராகக் காட்டாமல் மூலையிலிருந்து சாய்வாகக் காட்டினார்கள். கோடுகள் இரண்டு பக்கமும் பிரிந்து ஓடின. மண்டபம் மேடைக்கு வெளியேயும் நீண்டுகொண்டே போவதுபோல ஒரு மயக்கம் வந்தது. வட இத்தாலியில் தொழில் கற்றவர்களுக்கு இது கைப்பழக்கமாகவே ஆகிவிட்ட ஒன்று.

இந்தக் கைப்பழக்கம் மெக்சிகோ நகரப் பேராலயத்துக்கு எவ்வளவு பொருத்தமானது என்பது உள்ளே போனால்தான் தெரியும். 1573-இல் தொடங்கி 1813-இல்தான் முடிந்த கட்டடம் அது. ஸ்பானிய வழக்கப்படி, பாடகர் குழுவுக்கான இடத்தை நடுக்கூடத்தின் மத்தியிலேயே ஒரு தனி அறைபோலக் கட்டியிருக்கிறார்கள். வாசலில் நுழைந்ததும் மன்னிப்பின் பீடம் என்ற பெரிய பீடம் எதிரே மறைத்துக்கொண்டு நிற்கும். அதற்குப் பின்னால் பாடகர் அறை, அப்புறம் தலைமைப் பீடம், கடைசியில் எல்லாவற்றுக்கும் பின்னால் ஹெரோனிமோ டெ பல்பாஸ் 1718-க்கும் 1737-க்கும் இடையில் செய்த பொன்மயமான அரசர்களின் பீடம். வாசலிலிருந்து ஒரே பார்வையில் முழுக்கோவிலையும் பிடிக்க வழியே இல்லை. எந்த ஓவியர் வந்தாலும் எங்கே நிற்பது என்பதுதான் முதல் கேள்வி. பக்கத்துக் கூடத்தில் நிற்பதா, தூண் மறைவில் நிற்பதா, சாய்வாகப் பார்ப்பதா? வாழ்நாளெல்லாம் பார்வையாளருக்கு இருக்கை தேடிக் கொடுத்தவருக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. அவருடைய உட்புறப் படங்களைப் பார்க்கும்போது எனக்கு எப்போதும் தோன்றுவது, நம்மைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் ஒரு நல்ல இடத்தில் நிறுத்தியிருக்கிறார் என்பதுதான்.

மனிதர்கள் அந்தப் படங்களில் சின்னஞ்சிறியவர்கள். அன்றைய மெக்சிகோ கோவில்களில் வரிசை பெஞ்சுகள் கிடையாது. பெண்கள் தலையில் முக்காட்டோடு தரையிலேயே முழந்தாளிட்டும் உட்கார்ந்தும் இருப்பார்கள். 1839 முதல் 1842 வரை மெக்சிகோவில் இருந்த ஸ்பானியத் தூதரின் மனைவி ஃபேனி கால்தெரோன் டெ லா பார்க்கா இதை வியப்போடு எழுதியிருக்கிறார். அதே பெண்மணி அன்றைய நாடகக் கொட்டகையைப் பற்றியும் எழுதினார்: இருட்டு, அழுக்கு, எல்லாரும் விடும் சுருட்டுப் புகை, நடிகர்களுக்கு மேலாகக் கேட்கும் வசனம் எடுத்துக் கொடுப்பவரின் குரல். அவர் பார்த்தது 1753-இல் கட்டிய பழைய கொலிசேயோ. ஒரு சின்னத் தகவல்: அந்தக் கொட்டகையின் வருமானம் பழங்குடி மக்களுக்கான அரச மருத்துவமனைக்குப் போனது. காலனிக் காலத்திலேயே நாடகம் தருமத்தின் கணக்கில்தான் நடந்துகொண்டிருந்தது.

பல்கலைக்கழக முற்றத்தைக் காட்டும் கல்லச்சுப் படத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். சுற்றிலும் வளைவுகளோடு தாழ்வாரம். நடுவில் வெண்கலக் குதிரை, அதன்மேல் ரோமானியப் பேரரசர் உடையில், தலையில் மாலையோடு ஸ்பெயின் மன்னர் நான்காம் கார்லோஸ். மானுவேல் தோல்சா வார்த்து 1803-இல் நகரத்தின் பெரிய சதுக்கத்தில் நிறுவிய சிலை அது. 1821-இல் நாடு விடுதலை அடைந்ததும் ஸ்பெயின் மன்னரின் சிலை சதுக்கத்தில் நிற்பது யாருக்கும் பொறுக்கவில்லை. உருக்கவும் மனம் வரவில்லை. அவ்வளவு நல்ல வேலைப்பாடு. பல்கலைக்கழக முற்றத்துக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். 1852 வரை குதிரை அங்கேதான் நின்றது. ஒரு பெரிய வெளிக்காக அளவெடுத்துச் செய்த சிலை நான்கு சுவர்களுக்குள் நிற்கும்போது எப்படி இருக்கும்? மேடைக்குப் பெரிதாகிப்போன பொருள் மாதிரி இருக்கும். குவால்தி அந்த அளவுப் பொருத்தமின்மையை மறைக்கவில்லை. முற்றத்தின் வளைவுகள் அமைதியாகப் பின்வாங்க, முன்னால் குதிரை ஓங்கி நிற்கிறது. வாழ்ந்து முடிந்த ஓர் ஆட்சி ஒரு முற்றத்துக்குள் அடைபட்டுக் கிடப்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன படம் அந்தக் காலத்தில் வேறு எனக்குத் தெரியவில்லை.

குவால்தி வந்த அதே 1838-இல் மெக்சிகோவுக்கு இன்னொருவரும் வந்தார். ஸ்பெயினின் ஆலவா பகுதியில் 1810-இல் பிறந்த கட்டடக் கலைஞர் லொரென்சோ டெ லா இதால்கா. ராணுவத் தளபதியும் குடியரசுத் தலைவருமான சாந்தா அன்னா அதிகாரத்தின் உச்சியில் இருந்த நேரம். பிரான்சிஸ்கோ அர்பேயு என்ற நாடக முதலாளி ஐரோப்பியத் தரத்தில் ஒரு கொட்டகை வேண்டும் என்று கிளம்ப, இதால்கா அதை வடிவமைத்தார். 1842-இல் வேலை தொடங்கியது. 1844 பிப்ரவரி 10-ஆம் தேதி சாந்தா அன்னா பேரரங்கு திறக்கப்பட்டது. முகப்பில் கொரிந்திய பாணியில் நான்கு மாபெரும் தூண்கள். உள்ளே குதிரை லாட வடிவில் அடுக்கடுக்காகப் பாக்ஸ்கள் எனப்படும் தனித்தனி இருக்கை அறைகள், இரண்டாயிரத்துக்கும் மேல் ஆட்கள் உட்காரலாம். அந்த ஆண்டு டிசம்பரிலேயே சாந்தா அன்னா கவிழ்ந்தார். கூட்டம் அவர் சிலையை உடைத்தது, கொட்டகையிலிருந்து அவர் பெயரை எடுத்தார்கள். அப்புறம் அது தேசிய அரங்கு, 1860களில் பிரெஞ்சுப் படையின் துணையோடு அரியணை ஏறிய பேரரசர் மாக்சிமிலியானோ காலத்தில் பேரரசு அரங்கு, மறுபடியும் தேசிய அரங்கு. இன்று பாடப்படும் மெக்சிகோவின் தேசிய கீதம் 1854 செப்டம்பரில் முதன்முதலாக ஒலித்தது அந்த மேடையில்தான். அப்போது சாந்தா அன்னா மறுபடியும் ஆட்சியில் இருந்தார்.

குவால்தி இந்தக் கொட்டகையையும் வரைந்தார். பேராலயத்தை வரைந்த அதே அக்கறை, அதே அளவெடுத்த ஒளி. தூண்களுக்கு நடுவே விழும் நிழல்கூட அதே கனம். கோவிலுக்கு ஒரு பயபக்தி, கொட்டகைக்கு ஒரு கொண்டாட்டம் என்று அவர் பிரித்துப் பார்க்கவில்லை. புதிதாகப் பிறந்த குடியரசுக்கு இரண்டுமே பொது இடங்கள். ஊர் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளக் கூடும் இடங்கள்.

இதால்காவின் இன்னொரு வேலையைச் சொல்லாமல் போக முடியாது. 1843-இல் நகரத்தின் பெரிய சதுக்கத்தில் விடுதலை நினைவுத் தூண் ஒன்றை எழுப்ப சாந்தா அன்னா முடிவு செய்தார். சதுக்கத்தில் காலங்காலமாக இருந்த பாரியான் சந்தை இடிக்கப்பட்டது. இதால்காவின் வரைபடத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. ஆனால் அடிப்பீடம் கட்டி முடிந்ததோடு பணமும் ஆட்சியும் போயின, தூண் வரவேயில்லை. பீடத்துக்கு ஸ்பானிய மொழியில் சோக்கலோ என்று பெயர். மக்கள் அந்த இடத்தையே சோக்கலோ என்று கூப்பிடத் தொடங்கி, இன்று நாட்டின் எத்தனையோ ஊர்களில் ஊர்ச் சதுக்கத்துக்கே அதுதான் பெயர்.

இனி எனக்கு இந்தக் கதையிலேயே மிகப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். பேராலயத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் பழைய சாந்தா தெரேசா கன்னியர் மடம். அதன் கோவிலை ஒட்டி, ஒரு புகழ்பெற்ற சிலுவைத் திருவுருவத்துக்காகக் கட்டிய சிற்றாலயம் உண்டு. 1845 ஏப்ரல் 7-ஆம் தேதி நிலநடுக்கத்தில் அதன் குவிமாடம் இடிந்து விழுந்தது. ரஃபேல் ஹிமேனோ தீட்டியிருந்த ஓவியங்களும் அதோடு போயின. திருப்பிக் கட்டும் பொறுப்பு இதால்காவுக்கு வந்தது. பேரரங்கைத் திறந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது அவருக்கு.

அவர் செய்தது இதுதான். வழக்கமாக ஒரு குவிமாடம் ஜன்னல்கள் உள்ள ஒரு கழுத்தின் மேல் உட்காரும். இதால்கா ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கழுத்துகளை எழுப்பினார். கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் முதல் கழுத்தின் ஜன்னல்கள் தெரியும். அதற்கு மேல் உட்புறமாக வளைந்துவரும் ஒரு விளிம்பு. அந்த விளிம்பு இரண்டாவது கழுத்தின் ஜன்னல்களை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. ஆக, மேலே குவிமாடத்தில் உள்ள ஓவியம் மட்டும் பளிச்சென்று வெளிச்சத்தில் மிதக்கும். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. மேடையில் பக்கத் தட்டிகளுக்குப் பின்னால் விளக்கை ஒளித்துவைத்து, நடிகர் முகத்தில் மட்டும் ஒளியை விழவைப்பார்களே, அதே வித்தை. ஐரோப்பாவில் பரோக் காலத்துக் கோவில்களில் இப்படி ஒளியை ஒளிப்பது உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் கொட்டகை கட்டி இறங்கிய கை, ஈரம் காய்வதற்குள் கோவில் கூரைக்குப் போனதை இங்கே உணராமல் இருக்க முடியவில்லை.

அந்த ஒளியில் வரைய வந்தவர் ஹுவான் கொர்தேரோ. புவேப்ளா மாநிலத்தில் தெசியுத்லான் என்ற ஊரில் 1822-இல் பிறந்து, ரோமில் பயின்று 1853-இல் திரும்பியவர். நடுவில் தந்தையாம் கடவுள், சுற்றிலும் நற்பண்புகள் பெண் உருவில், கீழே முக்கோண மூலைகளில், இயேசுவின் வரலாற்றை எழுதிய நான்கு நற்செய்தியாளர்கள். நிறங்கள் ஓங்கி ஒலிக்கும். அன்றைய ரசனைக்கு அது கொஞ்சம் அதிகமாகவே பட்டது. சான் கார்லோஸ் கலைக்கழகத்தில் ஓவியத்துறையை நடத்திய பெலெக்ரீன் கிளாவே கத்தலோனியாவிலிருந்து வந்தவர். அடக்கமான நிறம், மென்மையான கோடு என்பவர். அந்தப் பதவி ஒரு மெக்சிகோக்காரனுக்குத்தான் வர வேண்டும் என்று கொர்தேரோ மோதிப் பார்த்தார், கிடைக்கவில்லை. குவிமாடத்தில் தன் பதிலை எழுதினார். கிளாவே தன் மாணவர்களோடு லா ப்ரொஃபேசா கோவிலின் குவிமாடத்தைத் தீட்டினார். அது 1914-இல் தீயில் அழிந்தது. கொர்தேரோவின் குவிமாடம் தப்பித்தது.

இவர்கள் சாரத்தில் ஏறி நின்று தேவதைகளை வரைந்துகொண்டிருந்தபோது கீழே நாடே மாறிக்கொண்டிருந்தது. 1856-இல் நகரத்தின் மிகப் பெரிய மடமான சான் பிரான்சிஸ்கோவில் ஆட்சிக்கு எதிராகச் சதி நடந்தது என்று சொல்லி, அதன் நிலத்தை அறுத்துக்கொண்டு ஒரு தெருவைத் திறந்தார்கள். 1859 ஜூலையில் பெனிட்டோ ஹுவாரெஸ் அரசு திருச்சபையின் சொத்துகளை நாட்டுடைமை ஆக்கியது. 1861-இலிருந்து மடங்கள் ஒவ்வொன்றாகக் கடப்பாறைக்கு இரையாயின. சான்டோ டொமிங்கோ மடத்தை வெட்டிக்கொண்டு ஒரு தெரு போனது. குவால்தி அந்தக் கோவிலின் உட்புறத்தை முன்பே வரைந்து வைத்திருந்தார். தன் படங்களுக்கு அவசரம் வரப்போகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. 1850களில் அவர் நியூ ஆர்லியன்ஸ் போய்விட்டார், 1857-இல் அங்கேயே இறந்தார்.

இடிபடாமல் தப்பியவை வேடம் மாறின. சான் பிரான்சிஸ்கோ மடத்தின் பெரிய முற்றத்தில் கியாரினியின் சர்க்கஸ் வந்து இறங்கியது. துறவிகள் ஜெபமாலையோடு நடந்த தாழ்வாரத்து வளைவுகளுக்கு நடுவே குதிரைகள் வட்டமடித்தன. 1873-இல் அதே முற்றத்தை புராட்டஸ்டன்ட் பிரிவான மெதடிஸ்ட் சபையார் வாங்கினார்கள். இன்றும் அது அவர்களுடைய ஆலயம். மடம், சர்க்கஸ் கூடாரம், மறுபடியும் ஆலயம், எல்லாம் இருபது வருடத்துக்குள். சான் அகுஸ்தீன் கோவில் 1884-இல் தேசிய நூலகமாகத் திறந்தது. அதை ஒட்டிய மடத்து முற்றத்தை, பின்னாளில் மெக்சிகோ பள்ளத்தாக்கின் பரந்த காட்சிகளால் உலகப் புகழ் பெறப்போகும் ஹோசே மரியா வெலாஸ்கோ மாணவனாக இருந்தபோது வரைந்திருக்கிறார். கலைக்கழகத்தில் பெர்ஸ்பெக்டிவும் நிலக்காட்சியும் சொல்லிக்கொடுக்க 1855-இல் எயுஜேனியோ லான்தேசியோ என்ற இத்தாலியர் வந்திருந்தார். மாணவர்களுக்குப் பயிற்சியாக மடத்து முற்றங்களும் அமைந்தன. தூண், வளைவு, தூண், வளைவு என்று பின்வாங்கும் முற்றத்தைவிட பெர்ஸ்பெக்டிவ் படிக்க நல்ல பாடம் ஏது?

கொட்டகைகளும் வேடம் மாறின. நாடாளுமன்றம் கூடிய அரண்மனை அவை 1872-இல் தீப்பிடித்ததும், உறுப்பினர்கள் இதுர்பிடே நாடக அரங்குக்குக் குடிபோனார்கள். 1909-இல் அதுவும் எரியும்வரை சட்டங்கள் நாடகக் கொட்டகையில்தான் நிறைவேறின. கேரேத்தரோ நகரின் இதுர்பிடே அரங்கிலோ 1867-இல் மாக்சிமிலியானோமீது ராணுவ விசாரணை நடந்தது. மரண தண்டனை அந்த மேடையில் முடிவானது.

மாகாண நகரங்களில் இந்த இடமாற்றத்தைக் கண்ணால் பார்க்கலாம். குவானஹுவாத்தோவில் ஹுவாரெஸ் அரங்கு நிற்பது சான் தியேகோ துறவியரின் மடம் இருந்த மண்ணில். 1872-இல் தொடங்கி 1903-இல் திறந்தார்கள். பக்கத்தில் மடத்தின் கோவில் மட்டும் சிறியதாக, பழையதாக இன்னும் நிற்கிறது. சான் லூயிஸ் பொதோசியில் அமைதி அரங்கு கார்மேல் துறவியரின் நிலத்தில் எழுந்தது. அங்கேயும் கோவில் அண்டை வீட்டுக்காரர்.

எல்லாவற்றிலும் அழகான இடமாற்றம் குவாதலஹாராவில் நடந்தது. ஹாக்கோபோ கால்வெஸ் வடிவமைத்து 1856-இல் வேலை தொடங்கி, 1866-இல் பாடகி ஆன்ஹெலா பெரால்தாவின் குரலோடு திறந்த தெகொயாதோ அரங்கு அது. பார்வையாளர் தலைக்கு மேல் குவிமாடம் ஒன்று உண்டு. அதில் இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் தெய்வீக நகைச்சுவை என்ற காவியத்தில், நரகத்தைப் பாடும் பகுதியின் நான்காம் காண்டத்தை கால்வெஸும் ஹெரார்தோ சுவாரெஸும் தீட்டியிருக்கிறார்கள். அந்தக் காண்டம் எதைப் பற்றியது? ஞானஸ்நானம் பெறாததால் சொர்க்கத்துக்குப் போக முடியாத பழைய கவிஞர்களும் ஞானிகளும் தங்கியிருக்கும் இடம். நரகத்தின் முதல் வட்டம்தான், ஆனால் அங்கே வேதனை இல்லை. ஹோமரும் மற்றவர்களும் கௌரவமாக நடமாடுகிறார்கள். கோவிலில் அண்ணாந்து பார்த்தால் புனிதர்கள் தெரியும் இடத்தில், இங்கே கவிஞர்கள். ஹுவாரெஸ் பக்கத்துத் தாராளவாதிகளும் திருச்சபையும் மோதி ரத்தம் சிந்திக்கொண்டிருந்த அந்தப் பத்து ஆண்டுகளில், புனிதர்களும் இல்லாமல் வெறும் அலங்காரமும் இல்லாமல் இப்படி ஒரு காட்சியைத் தேர்ந்தெடுத்தவர்களின் மனசு எனக்கு நெருக்கமாகப் படுகிறது.

தலைநகரின் பேரரங்குக்கு என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். அதன் முகப்புக்கு நேரே சின்கோ டெ மாயோ தெருவைத் திறப்பதற்காக, லா ப்ரொஃபேசா துறவியர் இல்லம் இடிக்கப்பட்டது. தெருக் கோடியில் நான்கு தூண்களோடு கொட்டகை நிற்க, ஊரே ஒரு படுதாவைப்போல ஆனது. 1901-இல் அதே தெருவை மேற்கே நீட்ட வேண்டும் என்றார்கள். இந்த முறை வழியில் நின்றது கொட்டகை. இடித்துவிட்டார்கள். அதற்கு மாற்றாகக் கட்டத் தொடங்கிய புதிய தேசிய அரங்குக்குக் கிடைத்த இடம், சாந்தா இசபெல் கன்னியர் மடம் இருந்த நிலம். 1904-இல் தொடங்கி, புரட்சியால் நின்று, 1934-இல் முடிந்த அந்தப் பளிங்குக் கட்டடம்தான் இன்றைய பெய்யாஸ் ஆர்த்தெஸ் என்ற நுண்கலை மாளிகை. மென்மையான ஏரிப்படுகை மண்ணில் அது மீட்டர் கணக்கில் கீழே இறங்கியிருக்கிறது.

இதால்காவின் கொட்டகை இல்லை, அவர் பேராலயத்துக்குச் செய்த தலைமைப் பீடமும் பின்னாளில் அகற்றப்பட்டது, தூண் எழவே இல்லை. சாந்தா தெரேசாவின் குவிமாடம் இருக்கிறது. மடத்திலிருந்து கன்னியர் எப்போதோ வெளியேற்றப்பட்டார்கள். 1993-இலிருந்து அந்த இடம் எக்ஸ் தெரேசா என்ற பெயரில் நிகழ்த்துகலைக்கான மையம். கட்டடம் சாய்ந்திருக்கிறது, தரையில் நடந்தால் கால்களுக்கே தெரியும். கலைஞர்கள் விளக்குகளை எடுத்துவந்து மாட்டி, தங்கள் நிகழ்ச்சியை நடத்திவிட்டுக் கழற்றிக்கொண்டு போகிறார்கள். பகலில் யாரும் எதுவும் மாட்டாத நேரத்தில், ஜன்னல் எங்கே என்று தெரியாத அந்த வெளிச்சம் கொர்தேரோவின் உருவங்கள்மேல் விழுந்துகொண்டிருக்கிறது.